மலையூரில் குடியிருப்போருக்கு நடைவழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி வந்த பிறகு நகரத்தை விட்டு மலையூர்களுக்குக் குடிபெயர்வோரைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொடைக்கானலில் நெடுங்காலமாகக் குடியிருப்பவள் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கட்டுரை குளிரையும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையையும், சரிவில் வாங்கும் வீட்டின் மதிப்பையும் பேசுகிறது. எனக்கோ, வாசற்படி இறங்கியதுமே நடக்கத் தொடங்கிவிடலாம் என்பதுதான் இவ்வூர் வாழ்க்கையின் பெரிய ஈர்ப்பு.

1863-இல் அன்றைய மதுரை ஆட்சியர் வெர் ஹென்றி லெவின்ஜ் உருவாக்கிய ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சீசனுக்கு வருகிறவர்கள் அதை வாகன நெரிசலுக்கு நடுவே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஜனவரி விடியலில் ஏரியோரப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மிதித்தால் நறநறவென்று நொறுங்கும். வெயில் ஏறினால் ஈரம் மட்டுமே மிஞ்சும். அந்நேரத்தில் சாலையில் இருப்பவர்கள் குதிரைக்காரர்களும், வேலைக்குப் போகிற பெண்களும், என்னைப் போல் நடக்க வந்தவர்களும்தான். இன்னும் நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதை இருக்கிறது. மலைச்சாலை போடப்படுவதற்கு முன் மக்கள் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும் டோலியிலும் ஏறிவந்த தடம் அது. வெள்ளகவிக்காரர்கள் இன்றும் ஊருக்குள் செருப்பணிவதில்லை. 2018-இல் பூத்த குறிஞ்சி இனி 2030-இல்தான் பூக்கும் என்பதால், இங்கே குடியிருப்பவர்கள் பிள்ளைகளின் வயதைக்கூட அந்தக் கணக்கில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் துணி நாட்கணக்கில் காயாது. மரம் சாய்ந்தால் மின்சாரமும் போகும், மலைச்சாலையும் அடைபடும். உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் தேனிக்கோ மதுரைக்கோ மலையிறங்கியாக வேண்டும். காலையில் கதவைத் திறக்கும்போது காட்டுமாடு வாசலில் மேய்ந்துகொண்டிருந்தால், அது தானாக நகரும்வரை உள்ளேயே சத்தமில்லாமல் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு ஆண்டு முழுவதும் இங்கே வாழ வருகிறவர்களை இரு கை நீட்டி வரவேற்கிறேன். ஆனால் மே மாதத்தில் மட்டும் திறந்து, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பெருகுவது ஊருக்கு நல்லதல்ல. அவற்றால் நிலத்தின் விலை ஏறுகிறது. கடையிலும் தோட்டத்திலும் உழைக்கிறவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகாமல் போகிறது. தலைமுறைகளாக நடந்துவந்த ஒற்றையடிப் பாதைகளின் குறுக்கே கம்பிவேலியும் இரும்புக் கதவும் முளைக்கின்றன. என் வருத்தத்தில் பெரியது இந்தக் கடைசி விஷயம்தான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இங்கே வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதி நாட்களில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வாகனத்தைக் கட்டுப்படுத்துவதோடு வேலை முடிந்துவிடாது. 1872-இல் காலாற நடப்பதற்கென்றே கோக்கர்ஸ் வாக் அமைத்த ஊர் இது. இங்கே நடப்பவருக்கு முன்னுரிமை கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. சீசன் மாதங்களில் காலை ஒன்பது மணிவரையாவது ஏரிச் சாலையில் வாகனங்களை நிறுத்திவைக்க வேண்டும். மிச்சமிருக்கும் பொதுப் பாதைகளை நகராட்சியும் வருவாய்த் துறையும் அளந்து, வரைபடத்தில் பதிவு செய்து, குறுக்கே உள்ள வேலிகளை அகற்ற வேண்டும். மலையூரில் வீடு வாங்குவதைப் பற்றி எழுதும் தங்கள் இதழ், அடுத்த முறை இந்தப் பாதைகளைப் பற்றியும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடைக்கானல்.