ஒரு குழம்பு, ஐந்து தட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் குடும்பத்தோடு பேலியோ (அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரையை விட்டுவிட்டு, ஆதி மனுசன் போலக் கறி, முட்டை, காய், கொட்டை என்று தின்பது) இருப்பது பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துக் காட்டினார். முடித்துவிட்டு “பாத்தியா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

அவருக்கு 46 வயது, லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஏழு வருடமாகச் சர்க்கரை. பேலியோவுக்கு வந்த ஆறு மாதத்தில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.1-லிருந்து 6.8-க்கு இறங்கியது, எடையில் பதினோரு கிலோ குறைந்தது. பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மாதம் வீட்டில் ஐந்து பேருக்கும் அதையே போட்டேன். காரணம் ஆரோக்கியம் எல்லாம் இல்லை, இரண்டு சமையல் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

செலவில் பாதாமை மட்டும் சொல்கிறேன். காலையில் ஆளுக்கு 100 என்று கணக்கு. ஊற வைத்து, வடித்து, நெய்யில் வறுக்க வேண்டும். எண்ணிப் போட்டால் 120 கிராம் நிற்கிறது. ஒரு கிலோ ஒருவருக்கு எட்டு நாள்தான். (எண்ணுவதற்கு மகளை உட்கார வைத்தேன். பத்துக்கு ஒன்று அவள் வாய்க்குள் போனது.) ரேஷனில் அரிசி இலவசமாக வருகிற வீடு சார் இது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இருப்பதால் முட்டையாவது தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. அதுவும் புரட்டாசி வரை. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, முட்டையும் கிடையாது. முப்பது நாளும் பனீர், பனீர், பனீர்.

அந்தப் பனீரைப் பார்த்துத்தான் வீட்டுக்காரரின் அம்மா, என் அத்தை, கேட்டார்: “ஏஞ்சாமி, உன்ற ஆதி மனுசன் எருமை கட்டிப் பால் கறந்தானா?” மகனிடம் பதில் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் என் பையன் தேடிப் பார்த்துச் சொன்னான், அமெரிக்காவில் லோரன் கார்டெயின் என்பவர் 2002-இல் எழுதிய பேலியோ புத்தகத்தில் பால்பொருளே கூடாதாம். நெய்யும் பனீரும் நம்ம ஊரில் சேர்த்துக்கொண்டது. அத்தைக்கு அன்று ஒரு வெற்றி. 70 வயதில் அவருக்குக் காலையில் கம்மங்கூழ் வேண்டும், மத்தியானம் ஒரு கரண்டி சோறு வேண்டும். அதைப் பிடுங்கியது என் தப்பு.

சின்னவளுக்குக் காலிஃப்ளவர் சாதம் கட்டிக் கொடுத்தேன். துருவி, துணியில் பிழிந்து, நெய்யில் வதக்கி, மிளகு தூவியது. சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். அன்றைக்கு டப்பா அப்படியே திரும்பி வந்தது. ஒன்பது வயதுக் குழந்தையை மாவுச்சத்தே இல்லாமல் வைக்கச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களாகச் செய்த கூத்து அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் எட்டு சமையல் குறிப்பு இருந்தது, சர்க்கரை மாத்திரை பற்றி ஒரு வரி இல்லை. இவர் ஆரம்பித்த இரண்டாம் வாரம், வழக்கம்போல காலையில் கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாதாமை மட்டும் தின்றுவிட்டுப் பட்டறைக்குப் போனார். பதினொரு மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனைந்து, வெல்டிங் செய்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்க்கிறவர் சர்க்கரை நிறையப் போட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். கிளினிக்கில் பார்த்தபோதே ரத்தத்தில் சர்க்கரை 58தான். இட்லி தின்கிற ஆளுக்கு எழுதின மாத்திரையை, இட்லியை நிறுத்தியபின் அதே அளவில் போடலாமா என்று டாக்டர் கேட்டார். சாப்பாட்டை மாற்றியதை டாக்டரிடம் இவர் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அன்றே அளவைப் பாதியாக்கினார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டுத் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறவர்கள் உங்கள் வாசகர்களில் எத்தனை பேரோ, அடுத்த இதழில் இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே குழம்பு, ஒரே பொரியல். அடியில் என்ன போடுவது என்பது அவரவர் தட்டு. அவருக்குக் கீரையும் முட்டையும், பிள்ளைகளுக்குச் சோறு, அத்தைக்குச் சோறு கொஞ்சம், எனக்கு மிஞ்சியது.

அப்புறம், சமையல் குறிப்பு மறுபடி போடுவதாக இருந்தால் வெண்ணெய்ப்பழம், பாதாம் மாவு எல்லாம் விட்டுவிட்டு எங்கள் பக்கத்துப் பள்ளிபாளையம் சிக்கனைப் போடுங்கள். சின்ன வெங்காயம், விதை எடுத்த வரமிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், அவ்வளவுதான். மசாலாத்தூள் வேண்டாம், மாவு வேண்டாம். கடலை எண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் ஊற்றினால் அவர் தட்டுக்கும் சரி. மூன்று தலைமுறையும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல்.
(பெயர் போட வேண்டாம், அவர் உங்கள் பேப்பரைத் தினமும் படிக்கிறார்.)