நம் ஊருக்கு ஒரு டிஜிட்டல் சினிமா அரங்கு: நன்கொடை வேண்டுகோள்

ஊரார் அனைவருக்கும், சென்னையிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கும் நம் மக்களுக்கும் வணக்கம்.

ஊர்ப் பொதுக்கூடத்தை நூறு பேர் உட்காரும் டிஜிட்டல் சினிமா அரங்காக மாற்றப் போகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

சினிமா நம் செட்டிநாட்டுச் சீமைக்குப் புதிதில்லை. ஏவி.மெய்யப்பச் செட்டியார் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். மறு ஆண்டே ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. இன்று நம் ஊர்க்காரர் ஒரு படம் பார்க்கக் காரைக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். இரவுக் காட்சி முடிந்தால் திரும்பி வர பஸ் கிடையாது.

“ஃபோனில்தான் எல்லாப் படமும் வருகிறதே” என்று சிலர் கேட்டார்கள். வருகிறது, ஆளுக்கொரு மூலையில். அத்தனை பெரிய வீட்டில் ஓர் ஆச்சி, துணைக்கு ஒரு பெண் என்று எத்தனை வீடுகள் இருக்கின்றன! கோயில் திருவிழாவையும் கல்யாணத்தையும் விட்டால் ஊர் ஒன்றாக உட்கார இடமில்லை. கல்யாணத்துக்கும் அழைப்பு வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி நீளம். பிரிண்ட் போடச் செலவு அதிகம் என்பதால், பெட்டி பெரிய ஊர்களைச் சுற்றி, கோடு விழுந்து, கடைசியில்தான் சின்ன ஊருக்கு வரும். இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வருகிறது. குறித்த நாட்களுக்கு மட்டும் திறக்கும் டிஜிட்டல் சாவியும் கூடவே வரும். நூறாவது தடவை ஓட்டினாலும் கோடு விழாது.

பள்ளிப் பிள்ளைகளின் குறும்படத்தையும் இதே கருவியில் போடலாம். எங்களுக்கு இதைவிட ஆசை ஒன்று உண்டு. ரங்கூன், பினாங்கு காலத்துப் புகைப்படங்களும் எண்பதுகளின் கல்யாண வீடியோ கேசட்டுகளும் பல வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை டிஜிட்டலாக்கி, வீட்டார் சம்மதத்தோடு மாதம் ஒரு மாலை இலவசமாகத் திரையிடுவோம். கேசட்டைக் கொடுத்து அனுப்ப மனம் வராதவர்கள் பிரதி எடுத்து முடியும்வரை பக்கத்திலேயே உட்காரலாம்!

செலவை மறைக்கவில்லை. ப்ரொஜெக்டர் தூசியும் சூடும் தாங்காது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஆபரேட்டர் அறைக்கு ஏசி வேண்டும், மின்வெட்டுக்கு யுபிஎஸ் வேண்டும். சில ஆண்டுகள் கழித்துக் கருவியையே மாற்றவும் நேரும். ஆகவே வரும் பணத்தில் ஒரு பகுதியை இப்போதே தனி வைப்புநிதியாகப் போடுகிறோம். உரிமத்துக்குக் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பித்தாயிற்று.

இது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் புள்ளி வரி இல்லை, நகரத்தாருக்கு மட்டுமான அரங்கும் இல்லை. ஒரு நாற்காலிக்கு 5,000 ரூபாய். நாலு பேர் சேர்ந்தும் கொடுக்கலாம். பணம் தர இயலாதவர்கள் வெள்ளையடிக்க வாருங்கள். நாற்காலியில் பெயர் பொறிப்பதில்லை என்று முடிவு, சிலருக்கு வருத்தம்தான். ரசீது உண்டு. வரவு செலவு மாதந்தோறும் கூடத்து வாசலில் ஒட்டப்படும். தை பிறப்பதற்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

— அரங்கக் கமிட்டியார்