கொடி இறங்கியது பாடாங்கில், பிரகடனம் அரங்கில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் கோலாலம்பூரின் மெர்டேக்கா சதுக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மலாயாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கையை உயர்த்தி நிற்கும் படத்துக்குக் கீழே ‘மெர்டேக்கா சதுக்கம், 1957’ என்று போட்டுவிட்டீர்கள். அது மெர்டேக்கா அரங்கில் எடுத்த படம். ஆகஸ்ட் 31 காலை, மழையால் சற்றுத் தாமதமாகத் தொடங்கிய விழாவில் துங்கு சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து, ஏழு முறை ‘மெர்டேக்கா’ (விடுதலை) என்று முழங்கியது அங்கேதான்.

சதுக்கத்தில் கொடி மாறியது அதற்கு முந்தைய இரவு. அப்போது அதற்கு இந்தப் பெயரும் கிடையாது. சிலாங்கூர் கிளப்காரர்கள் கிரிக்கெட் ஆடிய வெறும் பாடாங், அதாவது திடல். 1990இல்தான் பெயர் மாறியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை பாடாங் என்றே சொன்னார்கள். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா அன்றிரவு கூட்டத்தில் நின்றவர். விளக்கெல்லாம் அணைந்து இருட்டில் நின்றதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். மறுபடி வெளிச்சம் வந்தபோது பிரிட்டிஷ் கொடி இறங்கியது, மலாயாக் கொடி ஏறியது.

எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் இருக்கும் மணிக்கூண்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான். அந்தக் கடிகாரம் முதன்முதலில் மணி அடித்தது 1897இல், விக்டோரியா மகாராணி பட்டமேறிய 60ஆம் ஆண்டு விழா அணிவகுப்பின்போது. அவருடைய கொள்ளுப் பேரனின் மகள் காலத்தில் அதே மணிக்கூண்டின் எதிரில்தான் அந்தக் கொடி இறங்கியது. இதை எழுதாமல் கொடிக்கம்பத்தின் உயரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள்!

அப்புறம், அந்தக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் நார்மன் ஒருவரே வடிவமைத்ததாக எழுதியிருப்பதும் முழுக்கச் சரியில்லை. அவர் முதலில் போட்டது ஐரோப்பியப் பாணி வரைபடம். அது பொருந்தாது, இஸ்லாமியச் சாயல் வேண்டும் என்று மாற்றச் சொன்னவர் அரசுப் பொறியாளர் ஸ்பூனர். இன்று நாம் பார்க்கும் வளைவுகளும் குவிமாடங்களும் கொண்ட முகப்பை வரைந்ததில் இன்னொரு கட்டடக் கலைஞரான பிட்வெல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டடம் ஏதோ பழகிய முகம் போலத் தெரிவதற்கு, இரண்டும் இந்திய, இஸ்லாமியச் சாயல்கள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணி என்பதுதான் காரணம்.

புதிர்ப் போட்டிக்குத் தயாராகும் என் பேத்தி உங்கள் படக்குறிப்பை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் அடித்துத் திருத்தினேன். அடுத்த ஞாயிறு நீங்களும் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்