மேகம் தாண்டுகிறது, மழை தாண்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நின்று மேகங்களைத் தடுப்பதால்தான் ஜூன் மாதத்தில் கேரளத்தில் கொட்டுகிற மழை தமிழ்நாட்டுக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிப் புத்தகப் படமும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த மலையடியிலேயே குடியிருக்கிற எங்கள் கண்ணில் இந்தச் சுவர் பட்டதில்லை.

ஜூன், ஜூலையில் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியரை வயல்வெளியில் நின்று மேற்கே பாருங்கள். மேகம் முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழிகிறது. பாதி மலை இறங்குவதற்குள் கரைந்து காணாமல் போகிறது. காற்று நிற்பதே இல்லை. சுரண்டைப் பக்கமும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகளைச் சுற்றவைப்பது அதே மேற்குக் காற்றுதான். எதையும் யாரும் தடுக்கவில்லை. காற்று மலையிலிருந்து இறங்குகிறது, அவ்வளவுதான். அந்த இறக்கத்தில்தான் சங்கதி இருக்கிறது.

அரபிக்கடலின் ஈரக்காற்று மலையில் மோதி ஏறும்போது, மேலே அழுத்தம் குறைவென்பதால் விரிந்து குளிர்கிறது. ஈரம் நீராகி மழையாகிறது. நீராவி நீராகையில் தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை விட்டுவிடுவதால், மழை பெய்துகொண்டே ஏறும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரி மட்டுமே குளிரும். அதே காற்று நம் பக்கம் இறங்கும்போது அமுங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதுபோலச் சூடேறுகிறது. இப்போது அதனிடம் ஈரம் அதிகமில்லை, ஆகவே கிலோமீட்டருக்குப் 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். ஏறியபோது இழந்ததைவிட அதிகம் திரும்பக் கிடைக்கிறது. அந்தச் சூட்டில் எஞ்சிய மேகமும் ஆவியாகிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 காலையில் இப்படி மலையிறங்கிய காற்று, இரண்டே நிமிடத்தில் வெப்பநிலையை மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 7-க்கு ஏற்றிவிட்டது. நமக்கு அந்த அளவு கூத்து இல்லை, ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

சுவர்க் கணக்கு எங்கே உதைக்கிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று கிழக்கிலிருந்து வருகிறது. மலை தடுக்குமென்றால் அந்த மூன்று மாதமும் கேரளம் காய வேண்டும். நடப்பதோ வேறு: அந்தப் பருவத்தில் கேரளத்தின் சராசரி மழை 490 மி.மீ. அளவு, தமிழ்நாட்டின் சராசரி 440-ஐ ஒட்டித்தான். அங்குள்ளவர்கள் துலாவர்ஷம் என்பார்கள். காலையெல்லாம் வெயில், பிற்பகலில் இருட்டிக்கொண்டு இடி, மின்னலோடு ஒரு கொட்டு. சூடான ஈரக்காற்று தானாகவே நேரே மேலே எழும்புவதால் வரும் மழை அது.

கட்டுரையின் பிற்பகுதியில் பாலைவனங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கும் இதே ஏற்ற இறக்கம்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிச் சூரியன் நேராகக் காய்வதால் காற்று எழும்புகிறது, அடைமழைக் காடுகள் அங்கே இருக்கின்றன. மேலே போன காற்று வடக்கிலும் தெற்கிலும் நகர்ந்து, சுமார் 30 டிகிரி அட்சரேகைப் பக்கம் இறங்குகிறது. சஹாரா, அரேபியா, கலஹாரி, ஆஸ்திரேலியாவின் உட்பகுதி எல்லாம் அந்த இறக்கத்தின் கீழ் கிடப்பவை. சஹாராவுக்கு எந்த மலையும் சுவர் கட்டவில்லை. பூமி 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் இந்த எழும்பும் பட்டை கோடையில் வடக்கே ஏறி வட இந்தியா வரை போகிறது. அதை நிரப்ப இந்தியப் பெருங்கடலின் தென்பாதிக் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்து, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்கிலிருந்து நம்மிடம் வருகிறது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய், பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில், காற்று எழும்பும் இடம் பசிபிக்கின் நடுப்பக்கம் நகர்ந்துவிடுவதால் நம் பக்கம் காற்று இறங்கும் போக்கு கூடுகிறது.

இனி எங்கள் ஊர் விஷயம். கேரளத்துக்குப் போகும் ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் காற்று அதிகம் ஏறாமலே நுழைகிறது, முழு ஈரத்தையும் பறிகொடுப்பதில்லை. செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் சாரல் கிடைப்பது அதனால்தான். கிழக்கே சங்கரன்கோவில் போவதற்குள் அதுவும் தீர்ந்துவிடும். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று மதுரையிலிருந்து போன் செய்கிறவர்களுக்கு, சோதனைச்சாவடி டீக்கடையில் கேரளத்து லாரிக்காரர்கள் சொல்வதைத்தான் நாங்கள் சொல்கிறோம். "ஆரியங்காவு இருட்டிக் கெடக்கு" என்று அவர்கள் சொன்னால் அநேகமாகப் பலிக்கிறது. "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிதமான மழை" என்ற செய்தியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

ஒரு வேண்டுகோள். அடவிநயினார், குண்டாறு, கருப்பாநதி, ராமநதி, கடனாநதி அணைகளின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் தினமும் போடுகின்றன. மாநில எல்லையோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. தங்கள் இதழ் வெளியிடும் வானிலைப் பக்கத்திலாவது செங்கோட்டை, தென்காசி மழையளவுக்குப் பக்கத்தில், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற புனலூரின் மழையளவையும் போடுங்கள். அங்கே இந்திய வானிலைத் துறையின் நிலையம் இருக்கிறது, தகவல் கிடைப்பதில் சிரமம் இராது. மேற்கே மழை வலுத்திருக்கிறதா, காற்று வெறுமனே வீசுகிறதா என்று தெரிந்தால், கார் நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று இங்குள்ளவர்கள் முடிவுசெய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புளியரை, செங்கோட்டை வட்டம்.