நிழலின் சூட்டை அளக்காமல் அனுமதி தராதீர்கள்

காட்டு மரங்களை வெட்டும் திட்டங்களை ஆராய்ந்து அனுமதி தரும் வல்லுநர் குழுவினருக்கு,

வணக்கம். அண்மையில் நீங்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வறிக்கையில் ஊர்வனவற்றுக்குக் கிடைத்தது ஒரே வரி: பல்லி, ஓணான் வகைகள் தாமாகவே பழகிக்கொள்ளும். வெப்பமண்டலக் காட்டினங்களுக்கு இது பொருந்தாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றே கேட்கிறோம்: மரம் வெட்ட அனுமதிக்கும் முன், அந்த மரங்களின் நிழலில் உள்ள சூட்டை அளக்கச் சொல்லுங்கள்.

வெட்டவெளி ஓணான் வெயில் காயும். சுட்டால் நிழலுக்கு ஓடும். போர்ட்டோ ரிக்கோ காடுகளில் வாழும் அனோலிஸ் குண்ட்லாக்கி, அனோல் எனப்படும் ஓணான் போன்ற பல்லி வகையைச் சேர்ந்தது; அது பெரும்பாலும் வெயில் காய்வதே இல்லை. சுற்றியுள்ள காற்றின் சூடுதான் ஏறக்குறைய அதன் உடல் சூடும். நிழலே சுட்டால் அது எங்கே போகும்? ஏதாவது பொந்தில் ஒடுங்கும். ஒடுங்கிய நேரமெல்லாம் இரை தேடாத நேரம். அனோல் பெண் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். தோல் போன்ற மெல்லிய ஓடு அது. ஈரச் சருகிலும் மண்ணிலும் இருந்து நீரை உறிஞ்சித்தான் கரு வளரும். கிளைகள் போய் வெயில் இறங்கினால் சருகு காயும், முட்டை சுருங்கும், கரு உள்ளேயே மடியும். தலைகளை எண்ணுபவர் கண்ணில் இது படாது. வெட்டவெளி இனம் உள்ளே புகுந்துவிட்டால் மொத்த எண்ணிக்கைகூடக் குறையாது. காட்டினம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

வானிலை நிலையத்தின் எண்ணை எடுத்து ஒட்டுவது அளவீடு ஆகாது. அது நிழற்கூண்டுக்குள் இருக்கும் காற்றின் சூடு. ஓணானின் உடல் அந்த இடத்தில் எவ்வளவு சுடும் என்று அறிய, அதன் பருமனில் உள்ளீடற்ற செப்பு உருவம் செய்து, தோலுக்கு ஒத்த வண்ணம் பூசி, உள்ளே வெப்பநிலைப் பதிவுக் கருவியை வைத்து முனைகளை அடைக்க வேண்டும். வண்ணம் பூசாத பளபளப்பான செம்பு வெயிலைத் திருப்பிவிடும், அளவு தவறும். முதலில் உயிருள்ள ஓணானோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு தண்டு, கிளை, சருகு என்று குலுக்கல் முறையில் இடம் தேர்ந்து வைக்க வேண்டும். கை எட்டிய மரத்தில் அல்ல. வெப்பம் மிகுந்த மாதமும் முட்டையிடும் மாதங்களும் அதில் அடங்க வேண்டும். இரவு விழிக்கும் பல்லிகளைப் பகலில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதுவதையும் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

புளோரிடாவில் பச்சை அனோலின் விரலடித் திண்டுகள் (மரத்தைப் பற்றிக்கொள்ள உதவுபவை) சுமார் 20 தலைமுறைகளில் பெரிதானதைக் காட்டி, பரிணாமம் காப்பாற்றும் என்கிறார்கள். திண்டு மாறியது உண்மை. வெப்பம் தாங்கும் மேல் எல்லை அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. நிழலுக்கு ஓடித் தப்ப முடிகிறவரை அந்தப் பண்பின் மேல் இயற்கைத் தேர்வு அழுத்துவதே குறைவு. நிழல் ஒரே பருவத்தில் போனால் 20 தலைமுறைக்கு அவகாசம் ஏது?

கோஸ்டா ரிக்காவின் லா செல்வாவில், பாதுகாக்கப்பட்ட காட்டிலேயே, 1970 முதல் 35 ஆண்டுகளில் சருகுத்தரைத் தவளைகளும் பல்லிகளும் ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தன. கோடரி படாத இடத்தின் நிலை இது.

ஆகவே அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பி, நிழலின் சூட்டை அளந்த பிறகே மறுபடி பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊர்வன ஆய்வாளர்கள்