ஆப்பிரிக்க எழுத்தை எங்களிடம் சேர்த்தவர்களுக்கு

வணக்கம்.

ஆப்பிரிக்க இலக்கியத்துக்கும் சினிமாவுக்கும் என்றே இணைய இதழ் நடத்துகிறவர்களுக்கும், அவற்றைப் படிக்க எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தின் சார்பில் இந்த நன்றி மடல்.

முதல் நன்றி ஐனெஹி எடோரோவுக்கு. நைஜீரியரான இவர் 2010இல் தொடங்கிய ‘பிரிட்டில் பேப்பர்’ இணைய இதழ் இல்லையென்றால், என் வாசிப்பு நைஜீரிய எழுத்தாளர்களான அச்செபே, சோயிங்கா என்று இரண்டு மூன்று பெயர்களோடு நின்றுபோயிருக்கும். நைஜீரியாவின் லாகோஸிலும் கென்யாவின் நைரோபியிலும் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிற இளைஞர்களை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நைரோபியில் அச்சாகும் புத்தகம் லாகோஸ் கடைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். அப்படியிருக்க, காசு கேட்காமல் எல்லோருக்கும் படிக்கக் கொடுப்பது சின்ன வேலை இல்லை.

ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் கூட்டமைப்பான ‘ஜலாடா’ நண்பர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தன் தாய்மொழியான கிக்கூயூவில் எழுதிய ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, 2016இல் அதை 30க்கும் மேற்பட்ட மொழிகளில் கொண்டுவந்தார்கள். மனிதர்கள் நான்கு காலில் நடந்த காலத்துக் கதை. கைக்கும் காலுக்கும் இருக்கும் ஒற்றுமையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மற்ற உறுப்புகள், யார் பெரியவர் என்று சண்டை மூட்டிவிடுகின்றன. கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டுத் தள்ளி நிற்பதற்கான காரணமும் அதில் வருகிறது. என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். அன்று முழுக்க விரலை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மொழிக்கும் உட்கார்ந்து அந்தக் கதையைப் பெயர்த்தவர்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

அப்புறம் சினிமா. செனகலின் உஸ்மான் செம்பேன் பிரெஞ்சில் நாவல் எழுதியவர். அதைத் தன் மக்களில் பெரும்பாலோரால் படிக்க முடியாது என்பதால்தான் படம் எடுக்க வந்தார். 1968இல் அவர் செனகல் மக்கள் பேசும் வோலோஃப் மொழியில் எடுத்த ‘மந்தாபி’யை ஒரு நண்பரின் மொட்டை மாடியில் பார்த்தோம். பாரிஸில் தெருக்கூட்டும் சகோதரி மகன் ஊரில் இருக்கும் மாமாவுக்கு மணியார்டர் அனுப்புகிறான். அதை வாங்க மாமாவிடம் அடையாள அட்டை இல்லை. அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும், போட்டோ வேண்டும். மனிதர் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். பக்கத்தில் இருந்த பெரியவர் “நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரியே இருக்கே” என்றார். வசனங்களைக் கண்விழித்துத் தமிழில் எழுதித் தந்த நண்பருக்கும், மாடியையும் கரண்டையும் கொடுத்த வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி.

முன்னோடிகளை விட்டுவிடக் கூடாது. இந்திய வம்சாவளியில் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்த ரஜத் நியோகி, 1961இல் அதே ஊரில் ‘டிரான்சிஷன்’ இதழைத் தொடங்கினார். அரசை விமர்சித்து எழுதியவற்றை வெளியிட்டதற்காக 1968இல் சிறைக்குப் போனார். இன்றைய ஆசிரியர்கள் நடக்கும் பாதையில் அவர் பட்ட பாடும் இருக்கிறது. அச்செபேயின் முதல் நாவலைச் ‘சிதைவுகள்’ என்று தமிழுக்குத் தந்த என்.கே. மகாலிங்கம் அவர்களுக்குத் தனி நன்றி. ஆங்கிலம் வராத எங்கள் வட்டத்து நண்பர்கள் பலர் அந்தப் புத்தகத்தில்தான் தொடங்கினார்கள்.

இதழ் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1975இலேயே முழுநீளப் படம் எடுத்த செனகல் பெண் இயக்குநர் சஃபி ஃபாயைப் பற்றி இன்னும் நிறைய எழுதுங்கள். அவர் படங்களைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

அன்புடன்,
வாசிப்பு வட்ட நண்பர்கள்