எலிகளுக்கு முன்பே வந்த சட்டப் பிரிவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் துணுக்குப் பக்கத்தில், காவல் நிலையங்களில் கஞ்சா தின்ற எலிகளைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து, பக்கத்தில் தள்ளாடும் எலி ஒன்றின் படத்தையும் போட்டிருந்தீர்கள். என் பேரன் வாய்விட்டுப் படித்தான், நானும் சிரித்தேன். ஆயினும் இருபத்தெட்டு ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராக இருந்து, அவற்றில் ஏழு ஆண்டுகள், பறிமுதலான பொருட்களை வைக்கும் வழக்குச் சொத்து அறையின் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவன் என்ற முறையில், அந்தத் துணுக்கில் விடுபட்டுப்போன ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் எடுத்துக்காட்டியவற்றில் நமக்கு மிக அருகில் நடந்தது சென்னை வழக்கு. 2020 நவம்பரில் மெரினா காவல் துறையினர் இருவரைக் கைது செய்து 22 கிலோ கஞ்சாவைப் பறிமுதல் செய்தார்கள். 2023 ஜூலையில் வழக்கு முடிவுக்கு வந்தபோது, 50 கிராம் நீதிமன்றத்திலும் இன்னொரு 50 கிராம் ஆய்வுக்கூடத்திலும் இருந்தன, எஞ்சிய 21.9 கிலோவை எலிகள் தின்றுவிட்டதாகக் காவல் துறை கூறியது. சிறப்பு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா என்றால் அது வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டுகள் கடுங்காவல். ஒருவருடைய வாழ்நாளில் பத்து ஆண்டுகளைப் பறிக்கும் அந்த எடை, மகஜரில், அதாவது பறிமுதல் செய்தபோது எழுதிய ஆவணத்தில், வெறும் மையாக மட்டும் எஞ்சியிருக்கும்போது, மனச்சாட்சியுள்ள எந்த நீதிபதியும் வேறு விதமாகத் தீர்ப்பு எழுதியிருக்க முடியாது.

விடுபட்ட செய்தி இதுதான். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தது. பறிமுதல் செய்த சரக்கை வழக்கு முடியும் வரை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால் அது களவு போகும், மட்கும், மாற்றி வைக்கப்படும் என்பதை உணர்ந்து, 1989லேயே அச்சட்டத்தில் 52ஏ என்ற பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். அதன்படி, பறிமுதலான சரக்குக்கு ஒரு விவரப் பட்டியல் தயாரித்து மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டால், அவர் பட்டியலைச் சரிபார்த்துச் சான்றளிப்பார். அவர் முன்னிலையிலேயே புகைப்படம் எடுக்கப்படும், மாதிரிகள் பிரிக்கப்படும். அதன்பின் மூலச் சரக்கை அழித்துவிடலாம். அந்தப் பட்டியலும் படங்களும் மாதிரிகளுமே விசாரணையில் முதன்மைச் சான்றாக ஏற்கப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, முறைப்படி மனுப் போட்டு முடித்த ஒரு வழக்கில், மீதிச் சரக்கை எலி தின்றால் என்ன, வெள்ளம் கொண்டுபோனால் என்ன, வழக்குக்குப் பெரிய சேதமில்லை. 2016 ஜனவரியில் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே மீண்டும் வலியுறுத்தி, மாஜிஸ்திரேட்டுகள் இத்தகைய மனுக்களைத் தாமதமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், இரட்டைப் பூட்டு முறையுள்ள தனிக் கிடங்குகள் அமைக்கப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மெரினாவில் அந்த 22 கிலோ பிடிபட்டபோது, சட்டப் பிரிவுக்கு வயது முப்பத்தொன்று. உச்ச நீதிமன்ற உத்தரவுக்கு வயது நான்கு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது.

சொத்து அறையில் எலி வராது என்று நான் வாதிட வரவில்லை. வரும், நன்றாகவே வரும். ஒரு முறை நெல் திருட்டு வழக்கு ஒன்றில், பங்காளிகளுக்குள் உரிமைத் தகராறு இருந்ததால் மூட்டைகளை யாருக்கும் இடைக்காலமாகக் கொடுக்க முடியாமல் எங்கள் அறையிலேயே போட்டு வைக்க நேர்ந்தது. ஆறேழு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு மூட்டைகளில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. தரையெல்லாம் உமி, புழுக்கை, சாக்கு நார். மூலையில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். அன்றே தராசு கொண்டுவந்து எடை போட்டோம். மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து பார்த்துவிட்டுப் பதிவேட்டில் குறைந்த எடைக்கு நேராகக் கையொப்பமிட்டார். எதற்குச் சொல்கிறேன் என்றால், எலி தின்றால் தின்ற தடயம் இருக்கும். அது பொட்டலத்தைக் கிழிக்குமே தவிர, கிழித்த காகிதத்தையும் அரக்கு முத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டுத் தரையைப் பெருக்கி வைத்துவிட்டுப் போகாது. அந்தத் தடயத்தைக் கண்ட நாளிலேயே யாராவது ஒருவர் எழுதி வைத்திருக்கவும் வேண்டும். விசாரணையில் சரக்கைக் கேட்ட பிறகுதான் எலி நினைவுக்கு வருகிறது என்றால், அந்த எலியின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்பது எழுத்தர் புத்தி. வளர்ந்த எலி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 20 கிராம் தீனி தின்னும். அப்படியானால் 21.9 கிலோ என்பது ஓர் எலி வேறு எதையும் தொடாமல் சரியாக மூன்று ஆண்டுகள், அதாவது 1,095 நாட்கள் தின்ன வேண்டிய தீனி. வெளியில் திரியும் எலிக்கு ஆயுளே பெரும்பாலும் ஓராண்டுதான். பத்து எலிகள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அந்த அறையை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்றால், எலிகளைவிடப் பெரிய விஷயம் அதுவல்லவா?

உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் 2022இல் இதே கதை இன்னும் பெரிய அளவில் அரங்கேறியது. அங்கே ஷேர்கர், ஹைவே என்ற இரு காவல் நிலையங்களில் இருந்த 581 கிலோவைப் பற்றி நீதிமன்றம் கேட்டபோது எலிகள் மீது பழி விழுந்தது. பிறகு மூத்த அதிகாரி ஒருவர், எலியால் அல்ல, மழையால்தான் சரக்குக் கெட்டது என்று விளக்கம் சொன்னார். எலியா மழையா என்பதே துறைக்குள் தீராத கேள்வியாக இருந்தது போலும். மதுவிலக்கு வந்த மறு ஆண்டு பீகாரில் எலிகள் சாராயம் குடித்த கதையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் உங்கள் தொகுப்பில் ஒரே வரியில் கடந்துபோன அர்ஜென்டினா செய்தியை இன்னும் சற்று விரித்திருக்கலாம். பிலார் நகரக் கிடங்கில் 540 கிலோ கஞ்சா காணாமல் போனபோது அங்குள்ள காவலர்களும் எலியைத்தான் சொன்னார்கள். அங்கே அதைக் கேட்டுக்கொண்டு கோப்பை மூடவில்லை, நிபுணர்களிடம் கேட்டார்கள். எலிகள் கஞ்சாவை உணவென்று எண்ணித் தின்னாது, பெருங்கூட்டமாகத் தின்றிருந்தால் கிடங்கில் செத்த எலிகள் ஏராளமாகக் கிடந்திருக்கும் என்று பதில் வந்தது. எட்டுக் காவலர்கள் 2018இல் பணி நீக்கம் செய்யப்பட்டார்கள்.

நம் ஊரில் விடுதலைத் தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். அந்த 22 கிலோ உண்மையிலேயே பிடிபட்டிருந்தால், 21.9 கிலோ யாருடைய பொறுப்பில் இருக்கும்போது குறைந்தது என்பதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அவ்வளவு சரக்கு முதலிலிருந்தே இல்லை என்றால், இல்லாத எடைக்காக இருவர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வழக்கைச் சுமந்திருக்கிறார்கள். வணிக அளவு என்று எழுதிவிட்டால் ஜாமீன் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவைப் படித்தவர்கள் அறிவார்கள். இரண்டில் எதுவானாலும் அது தனியாக விசாரிக்க வேண்டிய குற்றம். அரசு ஊழியர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கையாடல் செய்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க, அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 409ஆம் பிரிவு இருந்தது. எலி தின்றது என்ற வாதத்தை நம்பாத நீதிமன்றம், அந்த வாதத்தைச் சொன்னவர்கள் மீது விசாரணைக்கும் பரிந்துரைப்பதே முறையாக இருக்கும் என்பது என் கருத்து.

காவலர்களின் சிரமமும் எனக்குத் தெரியாததல்ல. பல நிலையங்களில் சொத்து அறை என்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள ஓர் இடுக்கு. பழைய சைக்கிள்கள், சாராயக் கேன்கள், அரிவாள்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். எழுத்தராக இருக்கும் காவலர் பந்தோபஸ்துக்கும் போக வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும். நீதிமன்றத் தரப்பிலும், மனுவை எடுத்துக்கொண்டு போனவரை ‘இன்னொரு நாள் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்; ஒருமுறை நானே அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் 52ஏ மனு என்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. அதற்கு வேண்டியவை ஒரு தராசு, ஒரு கேமரா, மாஜிஸ்திரேட்டின் அரைநாள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், சரக்குப் பிடிபட்ட நாள் எது, 52ஏ மனு தாக்கலான நாள் எது, இடைப்பட்ட காலத்தில் சாவி யாரிடம் இருந்தது என்ற மூன்றையும் உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லி, விடையை எலிப் படத்துக்கு அருகிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்,
கும்பகோணம்.